ஃபார்மில் ஒட்டிய சிவப்பு அம்பு

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்... அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரின் பசை நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. சோறு பிசையும்போதும் விரல் பிசுபிசுக்கும்.

சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும் அந்த அம்பு. பனியனில் ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டுப் போயிருக்கிறதா... அந்த இடத்தைக் காட்டி ஒன்று ஒட்டுவோம். பீஸ் குறையைத் திருத்த ஆல்ட்டருக்குப் போகும். யாரையும் திட்ட வேண்டியதில்லை, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மற்றபடி நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. டெய்லர் ஆனால் உட்காரலாம், மரியாதையும் கூட. அந்தச் சமயத்தில் பக்கத்தில் மண்ணரை என்ற இடத்தில் அரசு இலவசத் தையல் பயிற்சி என்று போர்டு வைத்தார்கள். நாற்பத்தைந்து நாள், முடிவில் சர்ட்டிபிகேட். வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து அம்மா போனில் சத்தம் போட்டாள். "ஏட்டி, இருக்க வேலையையும் விட்டுட்டு என்னத்தட்டி செய்யப் போற?"

மையத்தில் ஒற்றை ஊசி மெஷின்கள் வரிசையாக நின்றன. ஆனால் கம்பெனியில் பனியன் தைக்க, துணி ஓரம் பிரியாமல் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டத் தெரிய வேண்டும். அதுவும் ஒன்று இருந்தது... மூலையில், பிளாஸ்டிக் கவர் போட்டு. போட்டோ எடுக்கிற அன்று மட்டும் கவர் இறங்கும். கேட்டால், "ரிப்பேர் ஆயிப்போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்பார் மையத்தைப் பார்த்துக்கொள்கிற கோஆர்டினேட்டர். கெட்டவர் இல்லை. எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தருவார். கவரை மட்டும் கழற்ற மாட்டார்.

என் பக்கத்து மெஷினில் சரசு அக்கா, அவிநாசிக்காரர். அவருடைய நாத்தனார் முந்தின பேட்ச்சில் இதே பயிற்சியை முடித்து, சர்ட்டிபிகேட்டோடு ஒரு கம்பெனிக்கு, தைத்துக் காட்டுகிற டிரையலுக்குப் போனாராம். ஓவர்லாக்கில் உட்கார வைத்தார்களாம். நூல் கோக்கத் தெரியாமல் அழுதுகொண்டே திரும்பி வந்தாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து மூலையில் இருந்த அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போக எனக்குப் பழைய வேலைகூட இல்லை.

கடைசி நாள். கருத்துப் படிவம் என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பத்துக் கேள்வி. பத்துக்கும் 'மிக நன்று' கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்து ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள்!

"உங்களுக்குச் செரமம் வேண்டாம்னுதாங்க. கீழ கையெழுத்து மட்டும் போடுங்க. அப்பறம் சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாங்க" என்றார் கோஆர்டினேட்டர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் அடிக்காத டிக்குக்கு நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

பர்ஸில் செக்கிங் காலத்து ஸ்டிக்கர் ரோல் கிடந்தது. 'பயிற்சி இயந்திரங்கள் போதுமானவை' என்றிருந்த வரியின் டிக்கைக் காட்டி ஓர் அம்பு ஒட்டினேன். 'ஓவர்லாக்கை ஒரு நாளும் தொடவில்லை' என்று பின்பக்கம் எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

சரசு அக்கா எட்டிப் பார்த்தார். "எனக்கும் ஒன்னு கிழிச்சுக் குடு கண்ணு."

ரோல் கை மாறிக் கை மாறிப் போனது. பாதிப் பேர் ஒட்டினார்கள். மீதிப் பேருக்கு சர்ட்டிபிகேட் போய்விடுமோ என்ற பயம். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

கோஆர்டினேட்டர் முகம் வெளுத்துவிட்டது. "இப்பிடி ஒட்டி வச்சா மேல எப்படிங்க அனுப்பறது? வேற ஃபார்ம் தர்றேன், சுத்தமா எழுதிக் குடுங்க."

"குடுங்க சார். அதுலயும் ஒட்டுவேன். ரோல் இன்னும் பாதிகூடத் தீரல."

சொல்லிவிட்டு, ரோலை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

அன்றே அனுப்ப வேண்டும் என்பதால் ஃபார்ம்கள் அம்போடுதான் போயின. அம்பு ஒட்டிய எங்கள் சர்ட்டிபிகேட்டை நிறுத்தி வைத்தார்கள். மூன்று வாரம் சும்மா கிடந்தேன். அம்மா போன் செய்தால் மழை, வெயில் என்று பேச்சை மாற்றுவேன்.

பிறகு அந்த ஃபார்ம்களைப் பார்த்துவிட்டு ஒரு பெண் அதிகாரி மையத்துக்கு வந்தார், எங்களையும் வரச் சொன்னார். நேராக மூலைக்குப் போய்க் கவரைத் தூக்கினார். மெஷினில் ஊசியே இல்லை.

அடுத்த பத்து நாள் கூடுதல் வகுப்பு, ஓவர்லாக்கில் மட்டும். அதற்கப்புறம்தான் சர்ட்டிபிகேட். முதல் டிரையலிலேயே எனக்கு டெய்லர் சீட் கிடைத்தது. அன்றைக்கு அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

இப்போது நானே ஒரு மையத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். ஓவர்லாக் ஒரு வரிசையே இருக்கிறது, கவர் கிடையாது. ஃபார்ம் போய் சுவரில் க்யூஆர் கோடு வந்துவிட்டது. போனைக் காட்டி, வாசிக்காமலே ஐந்து நட்சத்திரத்தை அழுத்திவிட்டு செல்ஃபி எடுக்கப் போய்விடுகிறார்கள். அந்த ஜெராக்ஸ் டிக்கையாவது யாரோ ஒருவர் உட்கார்ந்து அடித்தார்...

அதனால் என் வகுப்பில் கடைசி நாள் காகிதம்தான். பக்கத்தில் ஒரு ரோல் அம்பு. ஆபீசில் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

போன வாரம் ஒரு பேட்ச் முடிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஃபார்மில் ஒரே ஓர் அம்பு. 'பயிற்றுநர் புரியும்படி கற்பித்தார்' என்ற வரியில்.

"டீச்சர், நீங்க ரொம்ப ஃபாஸ்ட் பேசுது. நமக்குப் புரியல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

வலித்தது, மறைக்க மாட்டேன். அவள் போன பிறகு அந்த ஸ்டிக்கரின் நுனியை நகத்தால் ஒரு தடவை நெருடியும் பார்த்தேன். பிறகு அப்படியே உறையில் போட்டு ஆபீசுக்கு அனுப்பினேன்.

நேற்று ஆபீசிலிருந்து போன்.

"ஏனுங்க மேடம், உங்க பேர்லயே ஒரு கொற வந்துருக்குதுங்க. எடுத்துப் போட்டறலாங்களா?"

"எடுக்காதீங்க சார். அந்தப் புள்ள சொன்னது நெசந்தான். இந்தத் தடவ ஆல்ட்டருக்குப் போக வேண்டிய பீஸ் நான்தான்."