மேடையில் இருந்த விருந்தினர்கள்

நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு நான் விரும்பிப் போவதில்லை. அழைக்கிறார்கள், போகிறேன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தப் பக்கத்தில் எந்தக் கழகம் எதைத் தொடங்கினாலும் எனக்கொரு கதிரை ஒதுக்கப்படும். அண்மைக்காலமாக அவர்கள் தொடங்குவதெல்லாம் ஸ்டாண்ட் அப் கொமெடி. ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி தனியே நின்று தன் குடும்பத்தை அவமானப்படுத்துவார். கேட்பவர்கள் சிரிக்க வேண்டும். வேடம் இல்லை, பாட்டு இல்லை, ஒத்திகை பார்த்ததற்கான அறிகுறியும் இல்லை.

சிலாவத்துறையில் ஒரு மீனவர் சங்கக் கட்டடத்தில் பார்த்தேன். பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், கொத்துரொட்டி போடும் சத்தத்துக்கு நடுவே பார்த்தேன். எல்லா இடத்திலும் முதல் பகிடி கழுதையைப் பற்றியது. வாசலில் கழுதை படுத்திருக்க வளர்ந்த சனத்துக்கு அதில் என்ன புதினம்? அடுத்தது எங்கள் கடற்கரையில் நட்டிருக்கும் காற்றாலை. மூன்றாவது மனைவி. கலியாணமே முடிக்காதவன்கூட மனைவியைப் பற்றிப் பகிடி விட்டான்.

என் தங்கையின் மகளும் இதைச் செய்கிறாள் என்பது எங்கள் குடும்பத்தின் துயரம். கொழும்பில் நல்ல வேலை. வார இறுதிகளில் மேடை. அங்கே சிரிக்கிறார்களாம், யாழ்ப்பாணத்திலும் சிரிக்கிறார்களாம். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது “மகள் இப்பவும் பகிடி விடுறாவோ?” என்று கேட்டால், தங்கை முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். கடைசியில் ஒருநாள் என் வீட்டு விறாந்தையில் வைத்து மகளை மடக்கினாள்.

“கொழும்புச் சனம் எதுக்கும் சிரிக்கும். எங்கட சனத்துக்கு முன்னால நிண்டு சிரிக்க வைச்சுக் காட்டு பாப்பம். சிரிச்சினமெண்டா நான் பிறகு இதைப்பற்றி வாயே திறக்கமாட்டன். இல்லையெண்டா இந்த மேடைப் பைத்தியத்தை அண்டையோட விட்டிடோணும்.”

“உண்மையாவோ அம்மா?”

“மாதாவாணை.”

“சரி, விடுறன். மாமா, நீங்கள்தான் சாட்சி.”

“எனக்கு வேற வேலை இல்லையோ?” என்றேன். வேறு வேலை இருக்கவில்லை.

தோட்டவெளியில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மண்டபம் கிடைத்தது. பின்னேரம் நாலு மணிக்கு என்றார்கள். ஐந்துக்குப் பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். நான் போய் முன்வரிசையில் இருக்கப் பார்த்தேன். கழகத் தலைவர் ஓடி வந்தார்.

“ஐயோ சேர், நீங்கள் கீழ இருக்கிறதோ? மேல வாங்கோ, மேல வாங்கோ.”

மேடையில் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. அதன் பின்னால் பங்குச் சுவாமி, மௌலவி, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், மீனவர் சங்கத் தலைவர். அவர்களோடு என்னையும் இருத்தினார்கள். விளக்கேற்றினோம். இறந்துபோன கழக உறுப்பினர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். வரவேற்புரை. பொன்னாடை. இவ்வளவும் முடிந்து, சனம் செத்தவீட்டுக்கு வந்ததுபோல் அடங்கியிருந்த வேளையில், “இனி நகைச்சுவை!” என்று அறிவித்தார்கள்.

நாங்கள் மேடையிலேயே இருந்தோம். பகிடி விடுபவர் எங்களுக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி நின்றார்.

முதலில் பட்டணத்துப் பெடியன் ஒருவன். ஒலிபெருக்கிகள் எல்லாம் சனத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. எங்களுக்கு ஒரு முணுமுணுப்புத்தான் வந்தது. ‘கழுதை’ என்பது மட்டும் விளங்கியது. யாரும் சிரிக்கவில்லை. நியாயந்தான் என்று நினைத்தேன். அடுத்தது சிலாவத்துறையிலிருந்து வந்த ஒருவர். முன்பு அவரைக் கேட்டிருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் ஆடு கயிறு அறுத்துக்கொண்ட கதையை அவர் சொன்னால் கல்லும் சிரிக்கும். அதற்கும் சத்தமில்லை.

அப்போதுதான் கவனித்தேன். சனம் அவரைப் பார்க்கவேயில்லை. அவரது தோளுக்கு மேலால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரிக்க வாயைத் திறந்தார். என் கண்ணைக் கண்டதும் சிரிப்பை இருமலாக்கி, லேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்கோ ஒன்றும் கேட்கவில்லை. மௌலவி சுவரைப் பார்த்தபடி இருந்தார். சுவாமி கண்ணை மூடியிருந்தார், செபமோ நித்திரையோ தெரியாது. என் முகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் சிரிக்காத இடத்தில் சிரிக்க எங்கள் சனம் பழகவில்லை.

பக்கவாட்டில், திரைக்கருகே தங்கையின் மகள், என் மருமகள், தன் முறைக்காக நின்றாள். முகம் வெளிறியிருந்தது. அவளுக்கும் விளங்கிவிட்டது. இரண்டாம் வரிசையில் அவளது தாய் கையைக் கட்டியபடி, வழக்கில் வென்றவளைப்போல இருந்தாள்.

கழகத் தலைவரைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன்.

“எங்களைக் கீழ இறக்கும்.”

“அதெப்பிடி சேர்? விருந்தினரை இடையில இறக்கினா மரியாதையே?”

“பரிசளிப்பு விழாவில பிள்ளையள் நடனம் ஆடேக்க விருந்தினர் எங்க இருக்கிறது?”

“கீழ, முன்வரிசையில.”

“பேச்செண்டால்?”

“மேல. இதுவும் பேச்சுத்தானே சேர்? ஆடுறேல்லை, பாடுறேல்லை, மைக்கில நிண்டு கதைக்கினம். அதான் உரை எண்ட கணக்கில போட்டனாங்கள்.”

அவரில் பிழையில்லை. பட்டணத்துச் சாப்பாட்டுக் கடை மாடியில் நானே இதைச் சொல்லியிருந்தேன். “இது கலையில்லை தம்பி, ஒலிவாங்கி பிடிச்ச அரட்டை” என்று, அவரிடமேதான் சொன்னேன். சாதாரண ஆள் சொல்லியிருந்தால் மறந்திருப்பார். உத்தியோகத்தர் சொன்னதால் நடைமுறையாக்கிவிட்டார்.

தலைவர் தானாக ஒன்றையும் மாற்றமாட்டார் என்று தெரிந்தது. சிலாவத்துறைக்காரர் தலையைக் குனிந்தபடி இறங்கியதும் எழுந்து ஒலிவாங்கியை எடுத்தேன். சனம் நிமிர்ந்து இருந்தது. சிறப்புரை என்று நினைத்திருக்கும்.

“இப்போது நடைபெறுவது உரை அல்ல. கலை நிகழ்ச்சி,” என்றேன். ‘கலை’ என்ற சொல் தொண்டையில் மீன்முள்போல நின்றது. “கலை நிகழ்ச்சியின்போது விருந்தினர்கள் கீழே அமர்வது வழமை. சுவாமி, மௌலவி, ஏனைய பெரியோர் என்னோடு இறங்கி வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இறங்கினோம். முன்வரிசையில் சனத்துக்கு முதுகைக் காட்டியபடி இருந்தோம். என் முகம் இனி மேடைக்கு மட்டும்தான்.

மருமகள் வந்தாள். ஒலிவாங்கியை எடுத்து என்னைப் பார்த்தாள்.

“இப்ப இறங்கிப் போனவர் என்ர மாமா. எங்கட வீட்டில ஆரும் செத்தா அழுறதுக்கு முதல் மாமாவுக்கு அறிவிக்கோணும். போன கிழமை பெரியப்பா மோசம் போனவர். பெரியம்மா குழறிக்கொண்டு வாறா. மாமா சொல்லுறார், ‘கொஞ்சம் பொறுங்கோ, முதல்ல கிராம அலுவலருக்குச் சொல்லியாச்சோ?’”

பின்னால் யாரோ ஒருவர் வெடித்துச் சிரித்தார். எனக்கு அது யாரென்று தெரியவில்லை. அவருக்கும் என் முகம் தெரியவில்லை.

“மாமா வேலையில இருக்கேக்க சிரிக்கிறதெண்டா மேலிடத்து ஒப்புதல் வேணும். இப்ப ஓய்வு பெற்றிட்டார். மேலிடமும் இல்லை, சிரிப்பும் இல்லை.”

என் பக்கத்தில் சுவாமியின் வயிறு குலுங்கியது. மௌலவி தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். பின்னால் மண்டபம் முழுவதும் கதிரைகள் கிரீச்சிட்டன. முடியும்வரை அது ஓயவில்லை.

மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும். அவளது பெரியப்பா போன கிழமை சாகவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே செத்துவிட்டார். கிராம அலுவலருக்கு அறிவிக்கும்படி நான் சொன்னது சரியான நடைமுறை. அவள் சொன்ன எதற்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் தங்கை காத்திருந்தாள்.

“இது செல்லாது. சனம் அண்ணையைப் பார்த்தெல்லோ சிரிச்சது.”

“ஆரைப் பார்த்தெண்டு நீங்கள் சொல்லேல்லையே அம்மா.”

இருவரும் சாட்சியைப் பார்த்தார்கள். மருமகளின் கண்ணில் மேடையில் இருந்த துணிச்சலில் பாதிகூட இல்லை. எனக்கு இரண்டு பேரிலும் கோபம் இருந்தது, மருமகளில் இன்னும் அதிகம். ஆனால் நிபந்தனை நிபந்தனைதான்.

“சிரிக்க வேணும் எண்டுதான் சொன்னனீ,” என்றேன் தங்கையிடம். “சிரிச்சினம்.”

திரும்பும்போது ஓட்டோவில் நான் வீதியைப் பார்த்தபடி இருந்தேன். மருமகள் அடுத்த நிகழ்ச்சியைப் பற்றி யாருடனோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வந்தாள். தங்கை இரண்டு தரம் வாயைத் திறந்தாள், இரண்டு தரமும் மூடிக்கொண்டாள். அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான். அப்படியொரு அமைதியை அதற்கு முன் கண்டதில்லை.