அப்பா உட்கார்ந்து பார்த்து வாங்கிய பேஸ் பெட்டி

சத்தம் வாங்கப் போகிறவர்கள் காது கேட்காதவரைக் கூட்டிக்கொண்டு போவார்களா? நாங்கள் போனோம். அப்போது எனக்கு எட்டு வயது. பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு இன்னொன்று. அண்ணன் தன் பேஸ் கிட்டாரை உறையோடு மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தான். அப்பா ஜன்னலோரம். நடுவில் நான், அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டவள். அண்ணனின் கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்க ஒரு பேஸ் ஆம்ப் வாங்கப் போகிறோம் என்பதும், பணம் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கென்ன, எங்கள் லயத்துக்கே தெரியும். அப்பா தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே இளமையைக் கழித்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அந்த இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. ஆண்களின் தடித்த குரல் கொஞ்சம் எட்டும். பெண்கள், பிள்ளைகள் பேச்சு எட்டவே எட்டாது. அவர் காதுக்கு முதலில் எட்டாமல் போனது தன் குரல்தான் என்று அம்மா சொல்வாள். அதனால் அவரிடம் உப்புக்கும் புளிக்கும் அவள் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பாதியை அவர் வாயசைவில் பிடித்துக்கொள்வார். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், நடுவில் கூரையைத் தொடாத சுவர்கள். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அன்று விடியற்காலையிலும் அப்படித்தான். "இந்தாங்க! சின்னதா பாத்து வாங்குங்க! மிச்சக் காசுல கூரைக்குத் தகரம் வாங்கிட்டு வாங்க! மழ ஒழுகுது!" என்று அம்மா கத்தினாள். அப்பா தலையாட்டினார். கடைசி வீட்டுச் சித்தி வாசலுக்கு வந்து, "ஆமாக்கா, தகரந்தான் முக்கியம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த ஆம்ப் ஆசை அண்ணனுக்குத் திடீரென்று வந்ததல்ல. அவன் எங்கள் தோட்டத்து வேதக்கோயிலில் பேஸ் வாசிப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில், கிட்டார் வயரைக் கோயிலின் மைக் பெட்டியில் செருகி ஆசை தீர வாசித்தான். பெட்டி ஒரு முறை உறுமி, பிறகு கிர்ர் என்று இழுத்து, அதோடு பாஸ்டரின் பிரசங்கத்தையும் கொண்டுபோய்விட்டது. உள்ளே இருந்த ஸ்பீக்கர் கடதாசி கிழிந்துவிட்டதாம். சொந்தமாக ஒரு ஆம்ப் வரும்வரை பேஸ் வாசிக்கக் கூடாது என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன், பண்டாரவளை மரக்கறிக் கடையில் வேலை முடித்து வந்து, வீட்டு மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் கம்பிகளை இழுத்துக்கொண்டிருப்பான். பார்க்கவே பாவமாக இருக்கும். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளின் ஆராதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் வாசிக்காவிட்டால் இனி அந்தக் கிட்டாரைத் தொடப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். அவன் சம்பளத்தில் சேர்த்ததும் அப்பா போட்டதும் சேர்ந்துதான் அந்தச் சட்டைப்பைக்குள் இருந்தது.

பதுளைக் கடையில் சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எங்களை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, இரண்டு ஆம்ப்களைக் காட்டினார். ஒன்று சின்னது, புதியது. முகத்தில் நீல விளக்கு எரிந்தது. மற்றது ஒரு கோழிக்கூட்டின் உயரம். கறுப்புத் துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது. ஏதோ ஹோட்டலில் வாசித்தவர்கள் விற்றுவிட்டுப் போனதாம்.

"சின்னது புதுசு, தம்பி. வாரண்டி இருக்கு, தூக்க லேசு. பெரிசு பழசு, தூக்க ரெண்டு பேர் வேணும். ஆனா உள்ளுக்குப் பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர். பொய் சொல்ல மாட்டேன். சத்தத்துக்கு அது, விலைக்கு இது" என்றார்.

அண்ணன் சின்னதில் வயரைச் செருகி வாசித்தான். எனக்கு அது மிக நன்றாகவே இருந்தது. பளிச்சென்று, ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. தடித்த கம்பிக்கு வந்தபோதுதான் சத்தம் பொத் பொத்தென்று விழுந்தது. திருகைத் திருப்பினால் சத்தம் பெரிதானதே தவிர ஆழமாகவில்லை. "சத்தம் கூடுறது வேற, அடியில எறங்கறது வேற" என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு பெரியதைப் பார்த்தான். அதன் விலையைக் கேட்டான். கேட்டவுடன் கண்ணைத் திருப்பிக்கொண்டு, "கோயிலுக்கு இதுவே போதும் நானா" என்று சின்னதின் மேல் கையை வைத்தான். பெரியதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. வாசித்துப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயந்திருப்பான்.

அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே கேட்டது? இரண்டு பஸ் மாறி வந்த கால் வலி. கொடுத்த ஸ்டூல் ஆடியதால் எழுந்து, பக்கத்தில் திடமாக இருந்த பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானா சிரித்தார். "பரவாயில்ல, தாங்கும். இருக்கட்டும். நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்களேன் தம்பி, காசா பணமா" என்று வயரைப் பெரியதில் மாற்றிக் கொடுத்தார்.

அண்ணன் தடித்த கம்பியை ஒரே ஒரு முறை இழுத்தான்.

அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அது தரை வழியாக வந்தது. என் செருப்புக்குள் வந்து, முழங்காலில் ஏறி, வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது. சுவரில் தொங்கிய கிட்டார்கள் எல்லாம் யாரும் தொடாமலே முனகின. உலகத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

அப்பா துள்ளி எழுந்தார். யார் தன்னைத் தொட்டது என்பதுபோலப் பின்னால் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். மெதுவாக மறுபடியும் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் பக்கங்களில் வைத்துக்கொண்டு, "வாசி" என்றார். அண்ணன் வாசித்தான். "எல்லாக் கம்பியும் வாசி" என்றார். அண்ணன் எல்லாக் கம்பியும் வாசித்தான். அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார், வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

நியாயமான மனிதர் ஆனதால், எழுந்து போய் சின்னதின் மேலும் உட்கார்ந்து பார்த்தார். அண்ணன் வயரை மாற்றி, திருகை முழுதாகத் திருப்பி வாசித்தான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நானாவிடம், "இதுல கரண்டு வரலையா?" என்று கேட்டார்.

நானா கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். தானாகவே பெரியதின் விலையை ஒரு பங்கு குறைத்தார். அப்போதும் அது தகரத்தையும் சேர்த்து விழுங்கும் விலைதான். அண்ணன் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, கூரையைக் காட்டி, மழை பெய்வதுபோல விரல்களை ஆட்டி, "அம்மா! தகரம்!" என்று கத்தினான். வேண்டாத நேரத்தில் அப்பாவின் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிடும். "ஆமா, இதுதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் கையை விட்டார். நானா எங்கள் நிலைமை புரிந்து, "நத்தார் முடிஞ்சு ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்க, சின்னதா மாத்தித் தாரேன், மிச்சக் காசும் தாரேன்" என்று அண்ணனிடம் சொன்னார்.

எனக்கு இதில் குழப்பமே இல்லை. ஞாயிறு பள்ளியில் படித்ததுதான் நடந்திருக்கிறது. அப்பாவுக்குக் காது திறந்துவிட்டது. பஸ்ஸின் பின்பக்கம் பெட்டியை வைத்து, அதன் மேலேயே அப்பா உட்கார்ந்து வந்தார். வறுத்த வேர்க்கடலை விற்பவன் ஏறியதும் நான் பக்கத்தில் போய் நின்று, "அப்பா, கச்சான் வாங்கித் தாங்க" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அப்போதும் அப்படியே. கடவுள் பெரிய சத்தங்களிலிருந்து ஆரம்பித்திருக்கிறார், என் பக்கம் வர நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா பெட்டியைப் பார்த்தாள், பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். "தகரம் எங்க?" என்றாள். அப்பா கைகால் கழுவப் போய்விட்டார். அண்ணன் நானா சொன்னதை அவளிடம் சொன்னான். "நத்தார் முடிஞ்ச மறுநாளே இது கடைக்குத் திரும்பிப் போகுது! சின்னத எடுத்துட்டு வாறீங்க, கூரையப் போடுறீங்க!" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள். ஒரு பண்டிகைக்கு மட்டும் கிடைத்த பெட்டியை அண்ணன் அன்றிரவு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கெட்ட மார்கழி மழைக்காலம். வீட்டில் ஒழுகாத இடம் என்று ஒன்றுதான் இருந்தது, அங்கேதான் நான் பாய் போட்டுப் படுப்பேன். அந்த இடம் பெட்டிக்குப் போனது. நான் சட்டி பானைகளுக்கு நடுவே படுத்தேன், ஆனால் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெட்டியிடம் யாருக்குக் கோபம் வரும்?

நத்தார் அன்று இரண்டு பேர் சேர்ந்து அதைக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். கோயிலில் அப்பாவால் எங்களுக்கு ஒரு சங்கடம் எப்போதும் உண்டு. பாட்டை அவர் சொல் தவறாமல் பாடுவார். ஆனால் எல்லோரும் நிறுத்துவது அவருக்குத் தெரியாது. பாட்டு முடிந்து கோயில் அமைதியானபின் அவர் குரல் மட்டும் தனியாக இன்னும் ஒரு வரி போகும். வாலிபர்கள் சிரிப்பை அடக்குவார்கள். பெண்கள் பக்கம் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

அன்று அண்ணன் வாசிக்கத் தொடங்கியதும் பலகைத் தரை முழுவதும் உயிர் வந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். தாளம் பிசகாமல் பாடினார். கடைசி வரி வந்தது. அண்ணன் கையால் கம்பிகளை அமர்த்தினான். அப்பாவும் நிறுத்தினார். எல்லோரோடும், அதே இடத்தில், ஒரு எழுத்துக்கூடக் கூடாமல்.

சிரிப்பதற்குத் தயாராக இருந்த வாலிபர்கள் ஏமாந்து போனார்கள். பாஸ்டரே ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். குனிந்திருந்த அம்மா நிமிர்ந்து, ஆண்கள் பக்கம் திரும்பி, அடுத்த பாட்டு தொடங்கும்வரை திரும்பியே இருந்தாள். நான் பெருமையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெட்டி கடைக்குப் போக வேண்டிய நாள். பஸ் இல்லை என்று அண்ணன் ஒரு நாள் தள்ளினான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவன், திருத்துவதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கோயில் மைக்கின் அறுந்த வயரை ஒட்டவைத்து, பேஸ் பெட்டியில் செருகி, "ஹலோ ஹலோ" என்று சோதித்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டான். நான் வெளியே விளையாடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவள் வாசலில் நின்றேன்.

அப்பா தரையில் உட்கார்ந்து, பெட்டியின் துணியில் கன்னத்தை வைத்திருந்தார். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தார். அம்மா மறுபக்கம் மண்டியிட்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். வார்த்தை எதுவும் இல்லை. கத்தவும் இல்லை. அவள் குரல் பெட்டிக்குள் போய்த் தடித்து, தரையில் இறங்கி, என் காலடிக்கு வந்தது. அம்மா மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்பா கண்ணைத் திறக்காமல், தன் பெரிய குரலில், லயமே கேட்கும்படி, "இன்னொருக்கா" என்றார்.

கடைக்குத் திருப்பிக் கொடுக்க அம்மா பெட்டியில் கோளாறு தேடுகிறாள், அப்பாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஒரே ஓட்டமாக ரோட்டுக்கு ஓடி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணா, சீக்கிரம் வாங்க! அம்மா பெட்டிய சோதிச்சுப் பாக்குறாங்க! பிழை கண்டுபிடிச்சிருவாங்க, பெட்டி போயிரும்!"

அண்ணன் என்னைவிட வேகமாக ஓடிவந்தான். வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே மறுபடியும் "ம்ம்ம்" என்று கேட்டது. நான் அவனை உள்ளே தள்ளினேன். போய்த் தடுக்கச் சொன்னேன். அவன் என் வாயைப் பொத்தி, சத்தமில்லாமல் பின்னால் நடந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, பீலியில தண்ணி பிடிச்சிட்டு வரலாம்" என்றான்.

அவன் கையிலும் குடம் இல்லை, என் கையிலும் இல்லை. பெட்டியைக் காப்பாற்றாமல், குடமும் இல்லாமல், மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய் இவன் என்ன செய்யப்போகிறான் என்று எரிச்சலோடு அவன் பின்னாலேயே போனேன்.