இன்ஜின் மேலே என் சீட்

எங்கள் வேனில் இன்ஜின் இருந்தது முன் சீட்டுக்கு அடியில். இது தெரியாமல் முன் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் வருஷா வருஷம் வருவார்கள். ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தால் போதும், மறுநாள் சூடு தாங்காமல் தாமாகவே பின்னால் ஏறிக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஒருவன் மட்டும், கெத்து குறைந்துவிடும் என்று, சாப்பாட்டுப் பையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து வந்தான்.

மந்தைவெளியிலிருந்து கோபாலபுரம்வரை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போய் இறக்குவது அப்பாவின் தொழில். அந்த வேன் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் அதன் சாப்பாட்டு விஷயத்தில் அப்பா ரொம்பக் கறார். ஆயில் என்றால் தேன்போலக் கெட்டியாக இருக்க வேண்டும். டிக்காஷன், பால், சாம்பார் என்று எங்கள் வீட்டில் எதற்குமே தண்ணீராக இருப்பது கெட்ட பெயர்தான். ஆயில் மட்டும் விதிவிலக்கா என்ன?

இந்த நம்பிக்கையின் மேல் கைவைத்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். வேதியியல் படித்துவிட்டு, ஈக்காட்டுத்தாங்கலில் இன்ஜின் ஆயில் கலந்து டின்னில் அடைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். படித்தது வேதியியலானாலும் கொடுத்த வேலை டின்களில் லேபிள் ஒட்டுவதைக் கண்காணிப்பது. ஓய்ந்த நேரத்தில் அவளே ஒரு சிந்தெடிக் ஆயில் கலந்திருந்தாள், சிக்னலுக்குச் சிக்னல் நின்று வேகும் நம் ஊர் வண்டிகளுக்கென்றே. நிஜமான வண்டி ஒன்றில் ஊற்றி அரைப்பரீட்சை லீவுவரை ஓட்டிக் காட்டினால் அதை விற்பனைக்கு எடுத்துக்கொண்டு, கலவைப் பொறுப்பையும் அவளிடமே தருவதாக முதலாளி சொல்லிவிட்டார். இல்லையென்றால் லேபிள்தான். ஆனால் வண்டியைக் கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை.

அத்தை அப்பாவிடம் வாயால் கேட்கவில்லை. இரண்டு டம்ளர்களில் பழைய ஆயிலையும் தன் ஆயிலையும் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த டம்ளர்கள் இனி சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை இரண்டையும் சாய்த்துக் காட்டினாள். பழையது அசைவேனா என்றது. அவளுடையது ஓடி வந்தது.

"நம்ம ஊர்ல இன்னா பனியா பேஞ்சிகினு கீது?" என்றார் அப்பா.

"பனி இல்லண்ணா. காத்தால ஸ்டார்ட் பண்ணசொல்லோ ஆயிலு அடியில கீது. அது மேல ஏற வரிக்கும் இரும்பும் இரும்பும்தான் ஒரசிக்கும். கெட்டியா கீறது மெதுவா ஏறும். இது ஓடிப் போய் நிக்கும், ஒரசல் கொறஞ்சா சூடும் கொறையும். சூடேறினாலும் நீத்துப் போவாது."

அப்பா டம்ளரில் விரலை விட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் என்று முனகினார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய ஆயிலை வடித்துவிட்டு அத்தையின் ஆயிலை ஊற்றினார். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பு அண்ணனைப் பின்னால் அனுப்பிவிட்டு என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார். பதவி உயர்வு கிடைத்ததாக நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மதியம் வேன் காலியானதும் அப்பா என்னைக் கேட்பார்: "சூடு எப்டி கீது?" நான் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுடுகிறது என்பேன், பரவாயில்லை என்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். நாளாக ஆக, பரவாயில்லை என்பதையே நான் அதிகம் சொன்னேன். தொடைக்கு அடியில் செருகியிருந்த என் சாப்பாட்டுப் பை மடிக்குத் திரும்பியது.

பிறகு ஒரு காலையில் எதிர்வீட்டு மாமி எங்கள் கதவைத் தட்டினார். "உங்க வேன் என் கோலத்து மேலே எண்ணெய் விட்டுண்டு நிக்கறது. கொஞ்சம் வந்து பாருங்கோ."

கோலத்தின் நடுவே பித்தளைத் தட்டு அளவுக்குக் கறுப்பு. பல் துலக்கிக்கொண்டிருந்த அத்தை அப்படியே வேனுக்கு அடியில் படுத்துவிட்டாள். எழுந்து வந்தபோது துப்பட்டா பாழாகியிருந்தது, முகமும்தான். தெருமுனை மெக்கானிக் அதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டார். "இந்தத் தண்ணிய வடிச்சிட்டு பழசையே ஊத்து நைனா. இன்ஜின் உனுக்கு சோறு போட்டுகினு கீது."

அத்தை மறுக்கவில்லை. "என் தப்புதாண்ணா. சிந்தெடிக்க மட்டும் நம்பிட்டேன். அதுல ஆயில அடச்சிகினு இருந்த பழைய ரப்பர் சீலு சுருங்கிப் போச்சு. சீல உப்ப வெக்க இன்னொரு எண்ணெயும் சேத்துருக்கணும். நீ பழசையே ஊத்திடு."

"ஊத்திட்டா உன் மொதலாளியாண்ட இன்னா சொல்லுவ?"

"ஒழுகிடுச்சுன்னு சொல்லுவேன்."

"அத ரெண்டாவது தபாவும் ஒழுகினா சொல்லிக்கலாம். போய் கலக்கிகினு வா."

அந்த வாரம் முழுக்க வேன் ஒழுகிக்கொண்டே ஓடியது. ஒவ்வொரு பள்ளி வாசலிலும் அப்பா இறங்கி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, மீதி டின்னிலிருந்து ஊற்றுவார். ஒரு நாள் ஏதோ மறியலால் தி.நகர் வழியாகச் சுற்றி வந்தபோது, பனகல் பார்க் அருகே சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அப்பா நடுரோட்டில் இன்ஜினை அணைத்துவிட்டார். பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்ததை நான் வெயில் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை அத்தை என்னைத் தன் கம்பெனிக்கு அழைத்துப் போனாள். சின்னப் பாத்திரம் ஒன்றில் ஆயில் இளஞ்சூட்டில் சுழன்றுகொண்டிருந்தது. அதில் இன்னொரு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். பிறகு சுடுதண்ணீரில் நிற்கும் கண்ணாடிக் குழாயில் விட்டு, அது இறங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பிடித்தாள். நேரம் சரிவராவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. காபி ஆறிப்போனது. உலகத்திலேயே பெரிய ஆள் என் அத்தைதான் என்று அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்தேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை.

இரண்டாவது கலவையை ஊற்றினார்கள். கறுப்பு வட்டம் நாளுக்கு நாள் சிறுத்து, பொட்டாகி, மறைந்தது. மாமியின் கோலம் பழையபடி வெள்ளையானது.

அரைப்பரீட்சை லீவு விட்டதும் ஆயிலை வடித்தார்கள். மை மாதிரி கறுப்பாக இறங்கியது. அத்தை தோற்றுவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது. அவளோ சிரித்தாள். அழுக்கெல்லாம் ஆயிலோடு வந்துவிட்டது, இரும்பில் ஒட்டவில்லை என்றாள். மெக்கானிக் இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே இரும்பு பளிச்சென்று இருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன் பைக்குக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அத்தை லேபிள் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

அவளை நினைத்து நான் பெருமைப்பட்ட அந்த நாட்களில், கெட்டி ஆயிலை நம்பிய அப்பா எனக்குத் தோற்றுப்போன கட்சி. அத்தையிடம் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். இப்போது நானே வண்டி ஓட்டுகிறேன். போன மாதம் கிண்டி நெரிசலில் நிற்கும்போதுதான் அது உறைத்தது. அப்பாவின் சீட்டும் அதே இன்ஜின் மேல்தான் இருந்தது. எனக்கு எட்டிய சூடு அவருக்கும் எட்டியிருக்கும். பிறகு எதற்கு என்னைத் தினமும் கேட்டார்?

தங்கச்சி ஜெயித்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார். அந்த ஆசையில் சுடுவதுகூடத் தனக்குச் சுடாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறார். அதனால்தான் என் தொடையைக் கேட்டார்.

நானோ, என் அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.