இப்போகிராஸ் வடித்த துணி

இரவல் வாங்கிய ஒரு துணியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசலில் வந்து நின்று கேட்டபோதும் கொடுக்கவில்லை.

கூம்பாகத் தைத்த வடிதுணி அது. எனக்கு மேசை, அலுமாரி செய்து தந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியத் தச்சரின் மனைவியுடையது. கடலோரத்தில் அவர்கள் வீடு. கிறிஸ்துமஸ் என்ற நத்தார் நெருங்கினால் சிவப்பு வைனில் கறுவா, கராம்பு, இஞ்சி, சீனி ஊறப்போட்டு அந்த அம்மா அதில் வடிப்பார். அந்தப் பானத்துக்கு இப்போகிராஸ் என்று பெயர். பழைய கிரேக்க வைத்தியர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. வடிக்கும் கூம்புத் துணியை அவருடைய சட்டைக் கை என்றே ஐரோப்பாவில் சொன்னார்கள். துணியின் பெயர் பானத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பானம் ஒல்லாந்தரோடு இங்கே வந்திருக்க வேண்டும். இதைப் பற்றிப் புளியந்தீவில் ஒரு கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். சபைக்குக் காட்டத் துணியை வாங்கிப் போனேன். பேச்சு முடிந்தபின், கட்டுரையும் எழுதலாம் என்று மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன்.

நத்தாருக்கு முன் தச்சரின் மனைவி வந்தார்.

"என்ன சேர், அந்தக் கையை உங்கட சட்டையில தைச்சுப் போட்டீங்களோ? தாங்க, வடிக்கணும்."

"துணிதானே, வேறொண்டில வடிங்களன்."

"அப்ப அதுக்குப் பேரும் வேறதான் சேர். நீங்கதானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்க!" என்று சிரித்தார்.

நாளைக்குக் கொண்டு வாறன் என்றேன். போகவில்லை. அந்த நத்தாருக்கு அந்த வீட்டில் இப்போகிராஸ் இல்லை. மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. தச்சர் டவுனுக்குப் போயிருந்ததால் தப்பினார். மனைவி அலையோடு போனார், வீடும் போனது.

அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே பொருள் என் லாச்சிக்குள் கிடந்தது. கறையோடு கொடுப்பது மரியாதையல்ல என்று சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, தச்சர் இருந்த அகதி முகாமுக்குக் கொண்டுபோனேன். தச்சர் அதை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார்.

"தோய்ச்சிட்டீங்களே சேர்," என்றார். "அவட கைமணம் கிடந்திருக்கும்."

பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் வைனும் கறுவாவும் கராம்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைப்பார், போத்தலைத் திறக்கமாட்டார். நாட்டில் சண்டை முடிந்த வருடம் வெளிநாட்டிலிருந்த மகள் தாயின் படத்தோடு வந்தாள். அந்த நத்தாருக்கு, அவள் துணியைப் பிடிக்க அவர் ஊற்றினார். புதிய வீடு முழுக்கக் கராம்பு மணத்தது. ஒரு கிளாஸைப் படத்தின் முன் வைத்தார். மற்றதைத் தகப்பனும் மகளும் மாறி மாறிக் குடித்தார்கள்.

எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.