ராகு காலத்தில் நின்ற பாட்டு

என்ர மனுசனைப் பற்றிச் சொல்லவேணுமெண்டால் அந்த அறுந்த ரேடியோவில இருந்துதான் தொடங்கவேணும். ஆனந்தராசா எண்டு பேர். இஞ்ச ஆக்லாந்தில, வெஸ்ட்கேட்டில இருந்து பஸ் ஓட்டுறவர். மிச்ச நேரம் முழுக்க கூமியூவில ஒரு குட்டி எஃப்எம் ஸ்டேஷன் நடத்துறார். பக்திப் பாட்டுமில்லை, சினிமாப் பாட்டுமில்லை. வெள்ளைக்காரரின்ர கன்ட்ரி மியூசிக்! குதிரை, லொறி, விட்டிட்டுப் போன பெண்சாதி, நாள் முழுக்க இதுதான்.

அதைத் தொடங்கினது கிளென் எண்ட பால்பண்ணைக்காரர். மாடு கறக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில ஒரு தகர அறை, கூரையில ஒரு அன்டெனா, அவ்வளவுதான். நாலைஞ்சு கிலோமீட்டருக்கு அங்கால கேக்காது. இவர் இந்த நாட்டுக்கு வந்த புதுசில அங்கதான் வேலை. மாடுகளோட நிண்டு அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் இங்கிலிஷ் பழகினவர். பஸ் லைசன்ஸ் எடுக்கப் போன இடத்தில இவர் இழுத்து இழுத்துக் கதைச்சதைக் கேட்டு, "டெக்சாஸில இருந்தோ வந்தனீங்கள்?" எண்டு அங்க சோதினை வச்ச பெட்டை கேட்டதாம். கிளென் கண்மூடினபிறகு பதினொரு வருசமா எல்லாம் இவர்தான். மணிக்கொருக்கா ஸ்டேஷன் பேரையும் தன்ர போன் நம்பரையும் பதிஞ்சுவச்ச குரலில சொல்லுவார். ஒரு காகம் குருவிகூட போன் எடுத்ததில்லை.

போன மாசம் கிளென்ர பிள்ளையள் பண்ணையை வீடு கட்டுறவைக்கு வித்திட்டினம். தகர அறையைக் காலி பண்ணவேணும். இவர் எல்லாத்தையும் எங்கட கராஜுக்குக் கொண்டுவரப் போறாராம். எனக்கு வந்ததே கோவம்! "ஆரப்பா கேக்கினம் உந்தப் பாட்டை? என்ர காரை எங்க விடுறது?" எண்டு கத்தினன். கடைசியில ஒரு ஒப்பந்தம் போட்டம். மாத்திற நேரம் பாட்டு நிக்கும்தானே. ஏன் நிண்டதெண்டு ஒரு ஆளாவது கேட்டால் கராஜ் அவருக்கு. ஒருத்தரும் கேக்கேல்லையெண்டால் ஸ்டேஷனை மூடவேணும்.

திங்கட்கிழமை காலமை ஏழு மணிக்கு அங்க நிப்பாட்டி, ஏழரைக்கு முன்னம் இஞ்ச போடுறதெண்டுதான் திட்டம். ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகு காலமெல்லோ. ஆனால் ஒரு வயர் பிடிவாதம் பிடிச்சுது. பூட்டி முடிக்க ஏழு முப்பத்திரண்டு. மனுசன் சுவிச்சில வச்ச கையை எடுத்திட்டார்.

"இஞ்சருங்கோ, ரெண்டு நிமிசம்தானே. யாழ்ப்பாணத்துக் கலண்டர் ராகு ஆக்லாந்துக்கு பிளேன் ஏறி வருமோ?" எண்டன்.

"சும்மா இரும் சோபனா. கெட்ட நேரத்தில தொடங்கினால் நிலைக்காது."

கராஜில கதிரையைப் போட்டு இருந்து போனையே பாத்துக்கொண்டிருந்தார். எட்டு மணியாச்சு, எட்டேகாலாச்சு. தேத்தண்ணி ஆறிப்போச்சு. "பதினொரு வருசம்" எண்டு மட்டும் ஒருக்காச் சொன்னார். நான் வெல்லுற நேரம் அது. ஆனால் அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்க என்னால ஏலேல்ல.

மெல்லப் பின்னறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு, அடுத்த தெருவில இருக்கிற என்ர சிநேகிதி பங்கஜத்துக்கு போன் எடுத்தன். "ஒண்டும் கேக்காத. இவருக்கு எடுத்து, பாட்டு ஏன் நிண்டதெண்டு கேக்கிற மாதிரிச் சும்மா நடி."



"நடிக்கிறதோ? நான் காலமையில இருந்து ரேடியோவைத் தட்டிக்கொண்டெல்லோ நிக்கிறன்! அந்தப் பாட்டில்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடேல்ல."

"நீயோ? ஒருநாளும் சொல்லேல்லையே!"

"நீதானே வாய் ஓயாமல் நக்கலடிக்கிறனீ. எப்பிடிச் சொல்லுறது?"

வெக்கத்தில முகம் கொதிச்சுது. பதினொரு வருசமா அவருக்கு வரவேண்டிய போனை மறிச்சது என்ர வாய்தானோ எண்டு நினைச்சன். "சரி, எடு அவருக்கு" எண்டு வச்சிட்டு ஓடிவந்தன்.

வரேக்க அவர் போனில நிக்கிறார். பங்கஜமில்லை, ஸ்ட்ரோபெரித் தோட்டத்து வெள்ளைக்காரக் கிழவர். "இல்லையில்லை, நான் சாகேல்ல" எண்டு இங்கிலிஷில சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறார், கண்ணால தண்ணி ஓடுது. வச்ச உடன பங்கஜம். பிறகு பேக்கரிக்காரி. ஒன்பதுக்குள்ள ஏழு பேர்!

ஒன்பது அடிச்சு ஒரு நிமிசம் கூடவிட்டுத்தான் சுவிச்சைப் போட்டார். முதல் பாட்டு பங்கஜத்துக்கு. நான் எடுத்த போனைப் பற்றி அவருக்கு இண்டைவரைக்கும் தெரியாது.

இப்ப காலமையில சமைக்கேக்க நானும் குசினியில அந்த ஸ்டேஷனைத்தான் போடுறன். என்ர கார் வெளியில மழையில நனையுது. நனையட்டும்.