இரண்டாம் மாடல் ஏன் நின்றுபோனது

1. முதல் நாள்

எங்கள் வீஆர் ஹெட்செட் கம்பனி மட்டக்களப்பில், வாவியைப் பார்த்த ஒரு மாடியில், புடைவைக் கடைக்கு மேலே தொடங்கியது. கண்ணில் மாட்டினால் வேறோர் உலகத்தைக் காட்டும் அந்தக் கருவிக்கு லென்சும் திரையும் வெளிநாட்டிலிருந்து வரும். வெளிக்கூடும் மென்பொருளும் எங்களுடையவை. காப்புறுதி அலுவலகத்தில் பல வருடம் விபத்துக் கோரிக்கைகளைப் பார்த்துவிட்டு நிர்வாக அலுவலராக நான் அங்கே சேர்ந்தேன். எது யார் தலையில் விழும் என்பது எனக்கு மனப்பாடம்.

முதல் நாளே முதலாளி றூபன் ஒரு ஹெட்செட்டை என் கண்ணில் மாட்டிவிட்டார். காலடியில் பெரும் பள்ளம். கைக்கு எட்டிய அவருடைய சட்டையைப் பிடித்தேன். இரண்டு பொத்தான்கள் போயின.

"பயப்பிடாதீங்க அண்ணன், நிலத்திலதான் நிக்கிறீங்க."

"அப்ப ஏன் சிரிக்கிறீங்க?"

அது முதலாம் மாடல். வியர்வை பட்டதும் லென்ஸ் மங்கிவிடும். எங்கள் ஊர் வெயிலில் மாட்டிய சிறிது நேரத்தில் எந்த உலகமும் மூடுபனியாகிவிடும். விற்றதில் பாதி திரும்பி வந்தது.

2. காது ஆடாத யானை

இரண்டாம் மாடலில் காற்றோட்டம் வைத்தோம். காதுகளைத் தடித்த பஞ்சால் மூடினோம். வெளியிலிருந்து கத்தினாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். விளம்பரத்தில் அதையே பெருமையாகப் போட்டோம்.

முதல் பெரிய ஓடர் வெல்லாவெளி விவசாயிகள் சங்கத்திடமிருந்து வந்தது. வயலுக்கு வரும் யானையிடம் எப்படி நடந்துகொள்வது என்று இளைஞர்களுக்குப் பழக்க வேண்டும். என் மகள் துஷா அப்போது மென்பொருள் பகுதியில் சேர்ந்திருந்தாள். யானை அவளுடைய வேலை.

சங்கத் தலைவர் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.

"பிள்ள, இதுர காது ஆடுதில்லயே. காது ஆடாத ஆனைக்கு ஆர் பயப்படுற?"

துஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள். பிறகு அந்தக் காதுகளோடு மல்லுக்கட்டி ஆட வைத்தாள்.

3. வட்டையில் சோதனை

கடைசிச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யச் சொன்னார் தலைவர். வெல்லாவெளிப் பக்கம் போவதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி விடமாட்டாள்.

அறுவடை முடிந்த வட்டையில், வயல்வெளியின் நடுவே, துஷா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். தலைவரும் நானும் வந்த வான் வண்டியின் அடியில் நின்றோம். அப்போதுதான் வாய்க்காலுக்கு அப்பால் பற்றைப் புதர் விலகியது. தனி யானை. அவளை நோக்கி நடந்தது.

"இது நம்மட ஆனை இல்ல அண்ணன்," என்றார் தலைவர், மிக மெதுவாக.

"மகள், ஆனை!" என்று கத்தினேன்.

"ஓம் அப்பா, தெரியிது. காது ஆடுதா எண்டு தலைவரிட்டக் கேளுங்க."

"ஆடுது பிள்ள," என்றார் தலைவர், வாய் தவறி.

"மகள், இது உண்மையான ஆனை!"

"அப்ப ஓடர் கிடைச்ச மாதிரித்தான்."

நான் ஓடப் பார்த்தேன். தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடினா அதுவும் ஓடி வரும்." யானை வாய்க்காலில் இறங்கிவிட்டது. என் பிள்ளை அதைப் பார்த்தபடி, அதைப் பார்க்காமல் நிற்கிறாள். என்ன சொன்னாலும் அவளுக்கு அது பாராட்டு. மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"மகள், அம்மா வந்திற்றா!"

ஹெட்செட் அந்தக் கணமே கழன்றது.

துஷா யானையைப் பார்த்தாள். அலறவில்லை, ஓடவில்லை. தான் எழுதிய பாடத்தில் உள்ளபடியே, முகம் திருப்பாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தாள். யானை கரையில் ஏறி நின்று பார்த்தது. பிறகு ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக்கொண்டு குளத்துப் பக்கம் திரும்பிப் போனது.

வானுக்குள் எனக்குத்தான் தண்ணீர் தெளித்தார்கள்.

"அம்மா எங்க, அப்பா?" என்றாள் துஷா.

"ஓடர் தாறம்," என்றார் தலைவர். "ஆனா காதத் திறந்து தாங்க."

4. மூன்றாம் மாடல்

இரண்டாம் மாடலை அத்தோடு நிறுத்தினோம். மூன்றாம் மாடலில் காது திறந்திருக்கும். பக்கத்தில் நிற்பவர் அழுத்த ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் படம் நின்று அவர் குரல் உள்ளே போகும். கைநூலில் அதற்கு 'வெளிக்குரல் வசதி' என்று பெயர். அலுவலகத்தில் எல்லோரும் 'அம்மா பட்டன்' என்கிறோம். அது தனக்குக் கம்பனி தரும் மரியாதை என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் திருத்தவில்லை.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படம் எவ்வளவு தத்ரூபம் என்று பிறகு பாருங்கள். கூப்பிட்டால் திரும்புகிறார்களா என்று முதலில் பாருங்கள். பெட்டியை ஒட்டுமுன் ஒருவர் மாட்டிக்கொள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். திரும்பாவிட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மாட்டியிருப்பது துஷா என்றால் இரண்டு தரம் கூப்பிடுவேன். "என்னப்பா?" என்று அவள் சலித்துக்கொண்டால்தான் பேனாவை எடுப்பேன்.