அப்பா கொடுத்த ரைட்டு

ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்ற சொல்லுக்கு ஆதியில் ‘நேரானது’ என்றுதான் பொருளாம். பிறகு அது சரியானதற்கும், உரிமைக்கும், வலது கைக்கும் பெயரானது. எங்கள் ஊரான போடிக்கு வந்து சேர்ந்தபோது, சிலேட்டில் வாத்தியார் போடும் குறியாகவும் கண்டக்டர் பஸ்சைக் கிளப்பும் குரலாகவும் மாறியிருந்தது.

எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அப்பா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மலையில குளிரு. அட்டை கடிக்கும்" என்றதோடு சரி. அவர் வாயிலிருந்து ஒரு சம்மதம் வராமல் மலையேற எனக்கு மனமில்லை. ஆனாலும் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினேன். அவரே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பெட்டி பஸ்சின் கூரைக்குப் போய்விட்டது. நான் படிக்குக் கீழேயே நின்றேன்.

கண்டக்டர் எங்கள் தெருக்காரர். "மாமா, பொண்ணும் வருதா, இல்ல பொட்டி மட்டும் போயி பாடம் நடத்தப்போகுதா?" என்றார். பஸ்சுக்குள் ஒரே சிரிப்பு.

அப்பா சிரிக்கவில்லை. "சனிக்கெழமை வந்துருவேல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"வந்துருவேம்ப்பா."

"அப்ப ஏறு ஆத்தா."

நான் ஏறியதும், பஸ்சின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "ரைட்டு!"

"மாமா, அது எஞ்சோலி!" என்றார் கண்டக்டர்.

அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நேர் என்று பொருள்பட்ட அந்தச் சொல்லோடு நான் வளைவு வளைவாக மலையேறினேன்.